மல்லாட்டை மெஷினுக்குக் காப்புரிமை... எந்த வக்கீலிடம் போவது?

கேள்வி: “வானூர் பக்கம் 3 ஏக்கரில் மல்லாட்டை போடுகிறேன். செடியைப் பிடுங்கிய பிறகு காய் ஆய்வதற்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை. அதனால் இரண்டு வருடங்களாக யோசித்து, ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, காய் ஆயும் மெஷின் ஒன்று செய்திருக்கிறேன். பச்சைச் செடியில்கூட காய் உடையாமல் வருகிறது. மருமகன் இதை வீடியோ எடுத்து யூடியூபில் போடலாம் என்கிறார். அடுத்த மாதம் ஒரு விவசாயக் கண்காட்சியில் வைக்கச் சொல்லியும் கூப்பிடுகிறார்கள். பட்டறைக்காரர், ‘வெல்டிங் செய்தது நான், எனக்கும் பங்கு உண்டு’ என்கிறார். தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார். ஆனால், அவர் பார்ப்பது எல்லாம் பாகப்பிரிவினை வழக்குகள். இன்னொருவர் முன்பணம் கொடுத்தால் பேட்டன்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். யாரிடம் போவது? எவ்வளவு செலவாகும்?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோட்டக்குப்பம்.

பதில்: இந்த வாசகர் கடிதத்தோடு மெஷினின் வரைபடத்தையும் அனுப்பியிருந்தார். அந்த வரைபடமும், மெஷினுக்குள் அவர் செய்திருக்கும் மாற்றமும் இங்கே அச்சிடப்படவில்லை. அச்சிட்டிருந்தால், பத்திரிகை கடைக்கு வந்த அன்றே அவருடைய காப்புரிமைக்கான வாய்ப்பு போயிருக்கும். இனிமேல் அந்தப் படத்தை அவர் யாருக்கும் அனுப்பாமல் இருப்பது நல்லது. மருமகனின் வீடியோவும் கண்காட்சியும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

மஞ்சளைக் காப்பாற்றிய விதி

காப்புரிமைக்கு முதல் நிபந்தனை, புதுமை. மனு போடும் நாளுக்கு முன்பு அந்த விஷயம் உலகில் எங்கேயும் அச்சில் வந்திருக்கக் கூடாது. பொதுமக்கள் அறியும்படி பயன்பாட்டிலும் இருந்திருக்கக் கூடாது.

இந்த விதியால் பலன் அடைந்தவர்கள்தான் நம் விவசாயிகள். 1995-ம் ஆண்டு, காயத்தை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அந்த நாட்டில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அரசின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் (சி.எஸ்.ஐ.ஆர்) அதை எதிர்த்தது. ‘எங்கள் பாட்டிக்குத் தெரியும்’ என்று வாயால் சொன்னதோடு நிற்காமல், பழைய நூல்களையும், மருத்துவ இதழில் முன்பே அச்சான கட்டுரையையும் ஆதாரமாக வைத்தது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. வேம்பு எண்ணெயை வைத்துப் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் கொடுக்கப்பட்ட காப்புரிமையும், ‘இது புதுசு இல்லை’ என்ற எதிர்ப்பால் 2000-ல் ரத்தாகி, 2005-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

மஞ்சளையும் வேம்பையும் காப்பாற்றிய அதே விதி, அவசரப்பட்டு வீடியோ போட்டால் கோட்டக்குப்பம் வாசகரையே வெட்டும். ‘நான்தானே கண்டுபிடித்தேன், நான்தானே வீடியோ போட்டேன்’ என்ற பதில் எடுபடாது. கண்டுபிடித்தவரே வெளியிட்டாலும் வெளியீடு வெளியீடுதான். கண்காட்சிக்கு மட்டும் சட்டத்தில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி என்றால், அந்தக் கண்காட்சி தொடங்கிய நாளில் இருந்து 12 மாதங்களுக்குள் மனு போடலாம். ஆனால், ஊர்களில் நடக்கும் எல்லா விவசாயக் கண்காட்சிகளும் அந்தக் கணக்கில் வராது. அதை நம்பி இறங்க வேண்டாம். முதலில் மனு. பிறகு வீடியோ. இந்த வரிசை மாறக் கூடாது.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது?

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-ன் 3-வது பிரிவு, எவற்றுக்கெல்லாம் காப்புரிமை இல்லை என்று ஒரு பட்டியல் போடுகிறது. சாகுபடி முறைக்கு இல்லை. ஊடுபயிர் வரிசை, புதுவிதமான நாற்று நடவு, பாத்தி முறை எல்லாம் இதில் அடங்கும். விதை, பயிர் ரகம், செடி, விலங்கு ஆகியவற்றுக்கும் இல்லை. பரம்பரையாக வரும் அறிவுக்கும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் சாமான்களைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் பழையபடி தன் வேலையை மட்டும் செய்தால் அதற்கும் இல்லை.

மெஷின் இந்தத் தடைகளில் வராது. கருவிக்குக் காப்புரிமை உண்டு. ஆனால், ‘மல்லாட்டை ஆயும் மெஷின்’ என்பதே புதுசு அல்ல. சந்தையில் பல வகைகள் இருக்கின்றன. எனவே, வாசகருக்குக் கிடைக்கக்கூடியது மெஷின் முழுமைக்குமான உரிமை அல்ல. அவர் எதை மாற்றியதால் பச்சைச் செடியிலும் காய் உடையாமல் வருகிறதோ, அந்த மாற்றத்துக்கான உரிமை. அந்த மாற்றம் அந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் சட்டென்று தோன்றக் கூடியதாகவும் இருக்கக் கூடாது.

சிவில் வக்கீல் போதுமா?

இங்கேதான் வாசகரின் முக்கியமான கேள்வி வருகிறது. நிலத் தகராறு பார்க்கும் வக்கீல் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால், காப்புரிமை மனு எழுதுவது வேறு வேலை.

காப்புரிமை அலுவலகத்தில் மற்றவர்களுக்காக மனு தயாரித்துத் தாக்கல் செய்யப் பதிவு பெற்றவர்களுக்கு ‘பேட்டன்ட் ஏஜென்ட்’ என்று பெயர். சட்டத்தின் 126-வது பிரிவுப்படி, அவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அதன் பிறகு, காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்விலும் தேற வேண்டும். கவனித்தால் ஒன்று புரியும். இந்தப் பட்டியலில் சட்டப் படிப்பு இல்லை. அறிவியல் படிப்பு இருக்கிறது.

அப்படியானால் வக்கீல்களின் நிலை என்ன? 2005-ல் வந்த சட்டத்திருத்தம், வக்கீல்கள் தேர்வு எழுதாமலே பேட்டன்ட் ஏஜென்டாகப் பதிவு செய்யும் வழியை எடுத்துவிட்டது. அதை எதிர்த்து எஸ்.பி.சொக்கலிங்கம் என்பவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2013 மார்ச் மாதம், அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. சட்டப் போராட்டம் எப்படி இருந்தாலும், விவசாயி பார்க்க வேண்டியது ஒன்றுதான். மனு எழுதுகிறவருக்கு மெஷின் புரிய வேண்டும். பொறியியலோ இயற்பியலோ படித்துவிட்டு, அதன் மேல் சட்டமும் படித்தவர் கிடைத்தால் ரொம்ப நல்லது. மனுவையும் அவரே எழுதுவார். நாளை வழக்கு வந்தால் நீதிமன்றத்திலும் அவரே நிற்பார்.

இயற்பியல் எதற்கு?

காப்புரிமை மனுவின் உயிர், கடைசிப் பக்கங்களில் வரும் உரிமைக்கோரல். நிலத்துக்கு எல்லைக்கல் எப்படியோ, கண்டுபிடிப்புக்கு இது அப்படி. எந்த வார்த்தையில் எழுதுகிறோமோ, அதுதான் எல்லை. கல்லை ஒரு முழம் உள்ளே நட்டால், அந்த ஒரு முழம் அடுத்தவனுக்கு.

ஒரு கற்பனை உதாரணம். (இது வாசகரின் மெஷின் அல்ல.) காய் ஆயும் மெஷின் ஒன்றில், பற்கள் வைத்த உருளை சுழல்கிறது. பல்லின் நுனியோடு சேர்த்து உருளையின் விட்டம் 40 செ.மீ. நிமிடத்துக்கு 300 சுற்று. இந்த வேகத்தில் காய் உடையவில்லை. மெஷினைப் புரிந்துகொள்ளாமல் எழுதுகிறவர், ‘40 செ.மீ விட்டமுள்ள உருளை, நிமிடத்துக்கு 300 சுற்று’ என்றே உரிமைக்கோரலில் எழுதிவிடுவார். பார்ப்பதற்குத் துல்லியமாக இருக்கும்.

இப்போது இன்னொரு பட்டறைக்காரர் 60 செ.மீ விட்டத்தில் உருளை செய்து, நிமிடத்துக்கு 200 சுற்று ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 செ.மீ உருளை ஒரு சுற்றுக்கு 1.256 மீட்டர் போகும். வினாடிக்கு 5 சுற்று. ஆக, பல்லின் நுனி வேகம் வினாடிக்கு 6.28 மீட்டர். 60 செ.மீ உருளை ஒரு சுற்றுக்கு 1.884 மீட்டர். நிமிடத்துக்கு 200 சுற்று என்றால், அதற்கும் வினாடிக்கு அதே 6.28 மீட்டர். காய்க்கு உருளையின் விட்டமும் தெரியாது, சுற்றும் தெரியாது. அதன் மேல் படும் பல்லின் வேகம்தான் தெரியும். இரண்டு மெஷின்களும் காய்க்கு ஒன்றுதான். ஆனால், எழுத்துப்படி இரண்டாவது மெஷின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. வழக்குப் போட்டால், ‘என் உருளை 60, அவருடையது 40’ என்று அவர் தப்பித்துவிடுவார்.

இயற்பியல் தெரிந்தவர் இதை முதலிலேயே பார்த்துவிடுவார். விட்டத்தையும் சுற்றையும் பிடித்துத் தொங்காமல், பல்லின் நுனி வேகம், பல்லுக்கும் சல்லடைக்கும் உள்ள இடைவெளி என்று காயைக் காப்பாற்றும் காரணத்தைத் தேடி எடுத்து, அதைச் சுற்றி எல்லைக்கல் நடுவார். 40 செ.மீ, 300 சுற்று என்பவற்றை ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் விளக்கத்தில் வைப்பார்.

பொருளுக்கும் இதே கதைதான். பல்லின் மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியதால் காய் நசுங்கவில்லை என்று வைத்துக்கொண்டால், ‘சைக்கிள் டியூப்’ என்று எழுதினால் அடுத்தவர் சிலிக்கான் உறையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். ‘மீள்தன்மை உள்ள உறை’ என்று எழுதினால் இரண்டுமே அதற்குள் வரும்.

அதற்காக எல்லையை இஷ்டத்துக்கு அகலமாகப் போடவும் முடியாது. ஏற்கெனவே வேறு யாரோ ரப்பர் உறை மாட்டிய மெஷினை எங்கேயாவது வெளியிட்டிருந்தால், அகலமான உரிமைக்கோரல் அடிபட்டுப் போகும். அடுத்தவர் நிலத்தில் கல் நட்ட மாதிரிதான். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் முதலில் ஓர் அகலமான கோரலும், அதன் கீழ் படிப்படியாகக் குறுகும் கோரல்களும் எழுதுவார்கள். வெளிவேலி விழுந்தாலும் உள்வேலி நிற்கும். எது வெளிவேலி, எது உள்வேலி என்று தீர்மானிக்க, மெஷின் ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று வால்வு வழக்கு

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பா என்று நினைப்பவர்கள், சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த பஜாஜ் - டி.வி.எஸ் வழக்கை நினைத்துப் பார்க்கலாம். சின்ன மோட்டார் சைக்கிள் இன்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் அமைப்புக்கு பஜாஜ் 2002-ல் மனு போட்டு, 2005-ல் காப்புரிமை வாங்கியது. 2007-ன் கடைசியில் டி.வி.எஸ் நிறுவனம் ‘ஃபிளேம்’ என்ற 125 சி.சி வண்டியைக் கொண்டுவந்தது. அதிலும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஆனால், வால்வு மூன்று. ‘எங்கள் காப்புரிமையை மீறிவிட்டார்கள்’ என்று பஜாஜும், ‘எங்கள் இன்ஜின் மூன்று வால்வு, வேறு அமைப்பு, தவிர, இரண்டு பிளக் என்பது உலகில் முன்பே இருந்ததுதான்’ என்று டி.வி.எஸ்ஸும் வாதாடின.

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி, டி.வி.எஸ்ஸுக்கு இடைக்காலத் தடை போட்டார். 2009 மே மாதம் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வண்டியை விற்கலாம், விற்பனைக் கணக்கை ஒழுங்காக வைக்க வேண்டும், வழக்கைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கடைசியில் 2019-ல் இரண்டு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. அந்த நீதிமன்ற அறையில் பேசப்பட்டது வால்வு, எரிபொருள் கலவை, சிலிண்டரின் விட்டம். இன்ஜின் தெரியாத வக்கீல் அங்கே என்ன செய்ய முடியும்?

பெரிய நிறுவனங்களுக்கே 12 ஆண்டுகள். 3 ஏக்கர் விவசாயிக்கு அவ்வளவு தெம்பு இல்லை. அதனால்தான், வழக்கு வராதபடி முதல் நாளே எல்லைக்கல்லைச் சரியாக நட வேண்டியிருக்கிறது.

ஜெராக்ஸ் கடையில் ஒரு பேட்டன்ட் வக்கீல்

இயற்பியலும் சட்டமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம், பட்டா, சிட்டா நகல் எடுக்க நாம் போகிற ஜெராக்ஸ் கடையிலேயே இருக்கிறது. அந்த முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன், அமெரிக்காவில் இயற்பியல் படித்தவர். நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தார். இரவில் சட்டக் கல்லூரிக்குப் போனார். மனுக்களையும் வரைபடங்களையும் திரும்பத் திரும்ப நகல் எடுக்க வேண்டிய தொல்லைதான் அவரை யோசிக்க வைத்தது.

அவர் செய்த வரிசையைப் பார்க்க வேண்டும். 1937-லேயே முதல் மனுவைப் போட்டார். முதல் நகல் வெற்றிகரமாக வந்தது 1938 அக்டோபரில். காப்புரிமை கிடைத்தது 1942-ல். அதற்குள்ளும் அதன் பிறகும் பல நிறுவனங்கள் கைவிரித்தன. ‘ஜெராக்ஸ் 914’ என்ற மெஷின் வெளியே வந்தது 1959-ல்தான். அத்தனை வருடங்களும் அவர் கையில் இருந்த சொத்து, ஒழுங்காக எழுதிய காகிதம்.

ஐன்ஸ்டீனும் 1902 முதல் 1909 வரை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில், வரும் மனுக்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்தவர்தான். காப்புரிமைக்கும் இயற்பியலுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

பட்டறைக்காரருக்குப் பங்கு உண்டா?

சொன்ன அளவில் வெட்டி, சொன்ன இடத்தில் வெல்டிங் வைத்தவர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார். அவருக்குக் கூலி உண்டு, உரிமை இல்லை. ஆனால், ‘அண்ணே, இப்படி வைத்தால் காய் நசுங்கும், அப்படி வைக்கலாம்’ என்று முக்கியமான யோசனையை அவர் சொல்லி, அந்த யோசனைதான் மெஷினின் புதுமை என்றால், அவரும் கண்டுபிடிப்பாளர்தான். அப்போது மனுவில் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும். மறைத்தால், பிற்காலத்தில் காப்புரிமையையே எதிர்க்க அது காரணமாகலாம்.

வாசகர் பட்டறைக்காரரோடு மனம்விட்டுப் பேசி, யார் யார் என்ன யோசனை சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ‘மனு போடும் வரை யாருக்கும் காட்ட மாட்டேன், இதே போல வேறு யாருக்கும் செய்து தர மாட்டேன்’ என்ற உறுதியையும் அதிலேயே எழுதி வாங்கலாம். சண்டை போட்டுக்கொண்டு எழுதுவதைவிட, டீ குடித்துக்கொண்டு எழுதுவது நல்லது.

செலவும் காலமும்

கோட்டக்குப்பத்தில் சாலையைத் தாண்டினால் புதுச்சேரி. வண்டிப் பதிவில் இருந்து எல்லாம் மாறும். காப்புரிமைக்கு அந்தக் குழப்பம் இல்லை. தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்குமே அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கே கொடுக்கும் காப்புரிமை இந்தியா முழுக்கச் செல்லும். வெளிநாட்டில் செல்லாது. வெளிநாடும் வேண்டுமென்றால், முதல் மனுவில் இருந்து 12 மாதங்களுக்குள் தனியாக முயற்சி எடுக்க வேண்டும்.

தனிநபருக்கு அரசுக் கட்டணம் குறைவுதான். இணையம் வழியாக மனு போட 1,600 ரூபாய். மனுவைப் பரிசீலிக்கக் கேட்கும் விண்ணப்பத்துக்கு 4,000 ரூபாய். மனு 30 பக்கத்தைத் தாண்டினாலோ, உரிமைக்கோரல் 10-ஐத் தாண்டினாலோ கூடுதல் கட்டணம். வக்கீல் கட்டணம் இதில் சேராது. அது ஆளுக்கு ஆள் மாறும். எந்தெந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மெஷினில் இன்னும் மாற்றம் செய்யும் எண்ணம் இருந்தால், முதலில் தற்காலிக மனு போடலாம். அன்றைய தேதி நமக்கு உறுதியாகிவிடும். அதில் இருந்து 12 மாதங்களுக்குள் முழு மனு போட வேண்டும். தவறினால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். தற்காலிக மனுதானே என்று நாலு வரி எழுதிக் கொடுக்கக் கூடாது. அதில் சொல்லாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. 18 மாதங்கள் முடிந்ததும் மனு அரசின் இதழில் வெளியாகும். முதல் மனு போட்ட நாளில் இருந்து 31 மாதங்களுக்குள் பரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்பு 48 மாதங்களாக இருந்த இந்தக் கெடு, 2024 மார்ச் முதல் குறைந்துவிட்டது. பரிசீலகர் கேள்வி எழுப்பி அறிக்கை அனுப்பினால், 6 மாதங்களுக்குள் பதில் தர வேண்டும். காப்புரிமை கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. மனு போட்ட நாளில் இருந்து 20 ஆண்டுகள் உரிமை. அதன் பிறகு யாரும் செய்யலாம்.

உதவிக்கு யார்?

குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் தேசியப் புத்தாக்க நிறுவனம் (என்.ஐ.எஃப்), 2000-ம் ஆண்டில் இருந்து விவசாயிகள், கைவினைஞர்கள் போன்ற எளிய மனிதர்களின் கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்து, தகுதி உள்ளவற்றுக்குத் தானே காப்புரிமை மனு போட்டுத் தருகிறது. மோட்டார் பைக்கில் ஏர் மாட்டி ‘புல்லட் சாந்தி’ என்ற உழவு வண்டியைச் செய்த குஜராத் விவசாயி மன்சுக்பாய் ஜகானிக்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது இந்த வழியில்தான். சென்னையில், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் இயங்குகிறது. இதே போன்ற மெஷின் முன்பே இருக்கிறதா என்று தேடிப் பார்க்க அங்கே வழி கேட்கலாம். ‘உத்யம்’ பதிவு பெற்ற சிறு தொழிலாக இருந்தால், காப்புரிமை கிடைத்த பிறகு 1 லட்சம் ரூபாய் வரை செலவைத் திரும்பப் பெறும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

முன்பணம் கேட்டவர் விஷயத்தில் கவனம் தேவை. ‘நிச்சயம் வாங்கித் தருகிறேன்’ என்று யாரும் சொல்ல முடியாது. கொடுப்பதும் மறுப்பதும் காப்புரிமை அலுவலகம். பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்ட்களின் பட்டியல் அந்த அலுவலகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம். கூடவே மூன்று கேள்விகள் கேட்கலாம். என்ன பட்டம் படித்தவர்? இதற்கு முன் இயந்திரங்களுக்கு மனு எழுதியிருக்கிறாரா? மெஷின் ஓடுவதை நேரில் வந்து பார்ப்பாரா? மூன்றாவது கேள்விக்கு ‘தேவையில்லை, போட்டோ போதும்’ என்று பதில் வந்தால், வேறு ஆளைப் பார்க்கலாம்.

கட்டாயம் வாங்கத்தான் வேண்டுமா?

இதையும் யோசிக்க வேண்டும். காப்புரிமை என்பது விற்பனை உத்தரவாதம் அல்ல. அடுத்தவர் காப்பியடித்தால் தடுக்கும் உரிமை மட்டுமே. தடுப்பதும் அரசு அல்ல. உரிமையாளர்தான் வழக்குப் போட வேண்டும். நாலு மெஷின் செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தால் போதும் என்றால், இந்தச் செலவு வேண்டியதில்லை. திண்டிவனம், பண்ருட்டி, திருவண்ணாமலை என்று மல்லாட்டை விளையும் ஊர்களுக்கெல்லாம் விற்க நினைத்தாலோ, பெரிய கம்பெனி ஒன்றுக்கு உரிமம் கொடுத்துப் பங்கு வாங்க நினைத்தாலோ காப்புரிமை தேவை. அதை முடிவு செய்ய, தற்காலிக மனுவின் 12 மாதங்கள் நல்ல அவகாசம். அந்தக் காலத்தில் கண்காட்சிக்கும் போகலாம், வீடியோவும் போடலாம். யார் வாங்க வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு முழு மனுவில் இறங்கலாம்.

கேள்வி: “என் வயலில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய மல்லாட்டை ரகம் ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கும் இதே காப்புரிமைதானா?”

- ஒரு வாசகர், திண்டிவனம்.

பதில்: இல்லை. விதைக்கும் ரகத்துக்கும் காப்புரிமைச் சட்டத்தில் இடம் கிடையாது. அதற்கு, பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001 தனியாக இருக்கிறது. விவசாயிகளின் ரகத்தை அந்தச் சட்டத்தின் கீழ் கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம். டி.எம்.வி என்று ஆரம்பிக்கும் ரகங்களை உலகுக்குக் கொடுத்த திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மற்ற ரகங்களில் இருந்து உங்கள் ரகம் எப்படி வேறுபடுகிறது என்று முதலில் அங்கே காட்டி ஆலோசனை பெறலாம்.

கோட்டக்குப்பம் வாசகர் இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மெஷினின் ஒவ்வொரு பாகத்தையும் வரைந்து, அளவும் வேகமும் குறித்து, எந்த மாற்றத்துக்குப் பிறகு காய் உடைவது நின்றது என்று தேதியோடு எழுத வேண்டும். செய்து பார்த்துத் தோற்றதையும் எழுத வேண்டும். பொறியியல் படித்த வக்கீலிடம் போகும்போது, அவர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.